ஈறும் குடலும், சென்றாயனின் சிநேகிதனும்

கெடாக்கறியில் பற்பசை வாசம் அடித்ததற்கு முழுப் பொறுப்பும் சென்றாயனுடையது. சமையல்காரர் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தது உண்மைதான். ஆனால் சமையல்காரர் கையில் அகப்பை இருந்தது. அண்டாவைக் கிளறுகிற அகப்பை.

அன்று அவன் தங்கை பிரபாவின் பையனுக்குக் காது குத்து. குலதெய்வத்துக்குக் கெடா வெட்டி, எருமப்பட்டிக்குப் பக்கத்தில் சென்றாயனின் கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டு வாசலில் பந்தல் போட்டு விருந்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பையன் அழுது முடித்து, லட்டு தின்றுகொண்டிருந்தான். முதல் பந்தி உட்கார்ந்தது. நடு வரிசையில் ஒரு பெரியவர் கறியை மென்றார், நிறுத்தினார், மறுபடியும் மென்றார்.

"என்னுங்க இது? கறி திங்கற மாதிரியும் இருக்குது, பல்லு வெளக்கற மாதிரியும் இருக்குது?"

"ரசத்தக் குடிச்சுப் பாருங்க" என்றார் பக்கத்து இலைக்காரர். "நெஞ்செல்லாம் ஜில்லுன்னு எறங்குது. எனக்கு ஒரு வாரமா சளி. இப்பப் பரவால்ல."

சமையல்காரர் குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். சென்றாயனின் மச்சினன் குமரன் ஏணியில் ஏறினான். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். எந்தச் சங்கதியையும் எதிர்ச்சாரி டிரைவருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வான்.

"மாமா! டேங்குக்குப் பக்கத்துல ஒரு பொட்டி காலி பாட்டலு இருக்குதுங்க! வாய் கொப்பளிக்கற மருந்து! பச்சைக் கலரு!"

பந்தல் மொத்தமும் சென்றாயனைப் பார்த்தது.

"மருந்துதான்" என்றான் சென்றாயன்.

"யாருக்குங்க மாமா?"

"எல்லாத்துக்கும்தான்."

இதில் அவன் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது. ஷெட்டில் ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழிகள் நிற்கும்போது ஒவ்வொன்றின் அலகையும் திறந்து மருந்து ஊற்ற யாராலும் ஆகாது. தண்ணீர்த் தொட்டியில் கலந்து விடுவதுதான் முறை. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தண்ணீரை நிறுத்தி, கோழிகளைத் தாகத்தில் வைப்பார்கள். அப்போதுதான் மருந்துத் தண்ணீரை மிச்சமில்லாமல் குடிக்கும். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வீட்டுக் குழாயில் ஏன் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பதும் அப்போதுதான் விருந்துக்கு வந்திருந்த ஒறம்பரைக்கு, சொந்தபந்தத்துக்கு விளங்கியது.

"எங்களையெல்லாம் கோழின்னு நெனச்சியாண்ணா?" என்று கேட்டாள் பிரபா. கண் கலங்கியிருந்தது.

"கோழியா இருந்தா இந்நேரம் குடிச்சுட்டுச் சும்மா இருந்திருக்கும்" என்று சொல்ல வாயெடுத்து, மனைவி ராசாத்தியின் முகத்தைப் பார்த்து, அவன் அதை விழுங்கிக்கொண்டான். ஜில்லென்று இறங்கியது.

விஷயம் ஒரு மாதத்துக்கு முன்னால் பிரஷ்ஷில் ஆரம்பித்தது. காலையில் பல் தேய்த்தால் நுரை சிவப்பாக வந்தது. ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். சென்றாயன் போனில் தேடினான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதில் வந்து, கெட்டுப்போன ஈறில் ஒரு கிருமி பெருகுமென்றும், அது ஈறோடு நிற்காமல் குடல்வரை போகுமென்றும், பெருங்குடல் கேன்சர்க் கட்டிகளில் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டு, தன் சானலுக்கு ஆதரவு கேட்டார். அதற்குப் பிறகு போன் சென்றாயனை விடவில்லை. மக்காச்சோள விலை பார்க்கப் போனாலும் ஈறு வந்து நின்றது. முட்டை விலை பார்க்கப் போனால் குடல்.

அது மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அதே ஒரு மாதமாக, காலையில் இன்னோர் இடத்திலும் அவன் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ரத்தம் என்றால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடலாம். கீழேயும் ரத்தம் என்றால்? இரண்டையும் சேர்த்து அவனாகவே ஒரு ரோடு போட்டுக்கொண்டான். வாய் நாமக்கல், அந்தக் கடைசி சேலம், நடுவில் ராசிபுரம் பக்கம் எங்கேயோ கேன்சர் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் பாதி. மீதிப் பாதி தம்மம்பட்டி மாமன்.

அவன் அம்மாவின் தம்பியான தம்மம்பட்டி மாமனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடலில் கேன்சர் வந்தது. ஒறம்பரை மொத்தத்துக்கும் தெரியும். தம்மம்பட்டி டீக்கடையில் தெரியும். மாமனுக்குத் தெரியாது. அவரிடம் அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். மனசு உடைந்துவிடக் கூடாது என்பது இவர்கள் பக்கத்து முறை. நோயாளியைத் தவிர எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். சென்றாயனும் ஒரு குலை இளநீரோடு போனான். "அல்சருக்கு எளநி நெம்ப நல்லதுங்க மாமா" என்றான். மாமன் நம்பிக்கையோடு குடித்தார். சாவதற்கு முந்தின நாள்கூடப் பக்கத்துக் கட்டில்காரரிடம், "நேரா நேரத்துக்குச் சாப்புடோணுமுங்க, இல்லாட்டி எனக்கு வந்தாப்பல அல்சர் வந்துரும்" என்று புத்தி சொன்னாராம்.

ஆகவே சென்றாயனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து சொன்ன நிமிஷத்திலிருந்து அவனுக்கும் அல்சர்தான். அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் நம்ப முடியாது. அவனுக்கு வேண்டியதெல்லாம், கேன்சர் உண்டா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரே ஓர் ஆள். அந்த ஆள் கிடைக்கிற வரைக்கும், குடும்பத்து வாய்களையாவது காப்பாற்றி வைப்போமே என்றுதான் அந்தப் பச்சை மருந்து. மொத்த ஒறம்பரையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிற சந்தர்ப்பம் இனி எப்போது வரும்?

ராசாத்திக்கு இந்த நியாயத்தில் பாதிதான் சொல்லப்பட்டது. மேல் பாதி.

"ஊருக்கே மருந்து ஊத்துனீங்களே" என்றாள் அவள், எல்லோரும் போன பிறகு அண்டாவைத் தேய்த்துக்கொண்டே. "அந்த மகராச வாய ஒரு டாக்டருகிட்டக் கொண்டு போயித் தொறந்து காட்டுனா என்னுங்க? நாளைக்குப் போறோம். இல்லீன்னா அந்த டேங்கை நீங்களே ஏறிக் கழுவுங்க."

டேங்கையும் அவன்தான் கழுவினான். அடுத்த நாள் டாக்டரிடமும் போனார்கள்.

பல் டாக்டர் சோபியா சேலத்துக்காரி. நாமக்கல்லில் கிளினிக் வைத்திருந்தாள். சுவரில் ஒரு மாதா படம், அதற்குக் கீழே மேஜையில் பிளாஸ்டிக் பல் செட். இரண்டில் எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் சென்றாயன் பொதுவாகக் கும்பிட்டு வைத்தான். அவள் அவன் வாய்க்குள் கண்ணாடியை விட்டு, சின்னக் கம்பியால் ஈறுகளை அளந்து, "ம்" என்றாள். பிறகு இன்னொரு "ம்".

"ஈறு நல்லாக் கெட்டிருக்கு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை பையா எறங்கியிருக்கு. ரெண்டு மூணு தடவ வந்தீங்கன்னா ஆழமா சுத்தம் பண்ணிரலாம். இத்தனை நாள் ஏன் வரல?"

"கூட்டத்துக்கே வைத்தியம் பாத்துட்டு இருந்தாருங்க" என்றாள் ஓரத்து நாற்காலியில் இருந்த ராசாத்தி. கறிக்குழம்புக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். சோபியா முகக்கவசத்துக்குப் பின்னால் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"கொப்பளிக்கற மருந்து கொப்பளிச்சுத் துப்பறதுக்குங்க. அதுவும் அழுக்க எடுக்காம வெறுமனே கொப்பளிச்சா ஈறு சரியாகாது."

"சரிங்க டாக்டரம்மா" என்று சென்றாயன் எழுந்து உட்கார்ந்தான். "இந்த ஈறு நோவு இருந்தா, குடல்ல கேன்சர் வருமுங்களா, வராதுங்களா?"

"எங்க கேட்டீங்க இதை?"

"போன்ல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொன்னது முழுப் பொய் இல்ல. கெட்ட ஈறுல பெருகற ஒரு கிருமிய, சில பேரோட குடல் கட்டியிலயும் பாத்திருக்காங்க. ஒட்டிக்கறதுக்குன்னே அதுகிட்ட ஒரு சங்கதி இருக்கு, பசை மாதிரி. கட்டியில போய் ஒட்டிக்கிட்டு, நோயோட சண்டை போட வர்ற நம்ம ரத்த அணுக்களையே மந்தமாக்குது. அது போக, ஈறுல வருசக்கணக்கா வீக்கம் இருந்தா அது வாயோட நிக்கற விசயம் இல்ல. ஒடம்பே அதை உணரும்."

"அப்ப அதுதான் கட்டிய உண்டு பண்ணுதுங்களா?"

"அங்கதான் தகராறு. கட்டி வந்தப்பறம் எடம் சௌகரியமா இருக்கேன்னு குடி வந்துச்சா, அது குடி வந்ததால கட்டி வந்துச்சா? இன்னும் முடிவாகல."

சென்றாயனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. "செத்த கோழி மேல எறும்பு மொய்க்கறாப்பல. எறும்பு கடிச்சுச் செத்துதா, செத்ததால எறும்பு வந்துதான்னு பாத்தாத் தெரியாது."

"அதேதான். ஆனா இந்த எறும்பு சும்மா மொய்க்கறதில்ல. வந்த எடத்துல நோயை வளத்தும் விடுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"அப்ப வருமா, வராதுங்களா?"

"அப்படி ஒத்தை வார்த்தையில சொல்ல முடியாதுங்க. பொகையில போடறவங்க கேட்டா, வாயில கேன்சர் வரும், விட்டுருன்னு நேரா சொல்லுவேன். அதுல சந்தேகமே இல்ல. ஈறு கெட்டவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு கணக்கு இருக்கு. ஈறுதான் காரணமான்னு தெரியல." அவள் கையுறையைக் கழற்றினாள். "உங்களுக்கு வேற எங்கயாவது ரத்தம் போகுதா?"

சென்றாயன் மாதா படத்தைப் பார்த்தான். பிளாஸ்டிக் பல் செட்டைப் பார்த்தான்.

"எனக்கு இல்லீங்க. என்ற சிநேகிதன் ஒருத்தனுக்கு."

"ஓ. எங்க போகுது?"

"கீழ."

"அவருக்கு என்ன வயசு?"

"என்ற வயசுதானுங்க. நாப்பத்தேழு."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. மொதல்ல மூலம்னு நெனச்சனுங்க… நெனச்சானுங்க."

"அவரோட சொந்தத்துல யாருக்காவது குடல் கேன்சர் உண்டா?"

"அவனோட மாமனுக்கு. தம்மம்பட்டி."

ஓரத்து நாற்காலி கிறீச்சிட்டது. ராசாத்தி எழுந்து நின்றிருந்தாள்.

"எந்தச் சிநேகிதனுங்க அது," என்றாள், "நம்ம மாமனையே மாமனா வெச்சிருக்கறவன்?"



"அந்தச் சிநேகிதனை நாளைக்கே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றாள் சோபியா. "மதன்னு குடல் டாக்டர், எனக்குத் தெரிஞ்சவர்தான். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். பயப்படறதுக்குச் சொல்லல. ரத்தம் போனா, எதனாலன்னு உள்ள பாத்துரணும். நாமளா மூலம்னு பேரு வெச்சுட்டுச் சும்மா இருக்கக் கூடாது."

"அவன் கூச்ச சுபாவமுங்க" என்றான் சென்றாயன், மெதுவாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராசாத்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எருமப்பட்டிக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருபது வருஷக் கல்யாணத்தில் பஸ்ஸில் வைத்து அவள் அப்படிச் செய்தது கிடையாது. சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது சென்றாயனுக்கு.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முந்தின நாள் வயிற்றை வெளுக்கக் கழுவ வேண்டும். அதற்கென்று ஒரு மருந்தை இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். எலுமிச்சை ருசி என்று எழுதியிருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேயிராத யாரோ ஒருவர், பிறர் சொல்லக் கேட்டுச் செய்தது போலிருந்தது. ஒரு பேட்ச் கோழி விற்றுப் போனதும் ஷெட்டைக் காலி பண்ணி, பீச்சியடித்துக் கழுவிச் சுண்ணாம்பு பூசுவது சென்றாயனுக்குப் பழக்கம்தான். ஷெட்டின் இடத்தில் தான் நிற்பது இதுதான் முதல் தடவை.

"முடிஞ்சுதுங்களா?" என்று கதவுக்கு வெளியே ராசாத்தி.

"நீ அக்கட்டப் போ புள்ள!"

மறுநாள் சேலத்தில், பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்த பிறகு, அவன் டாக்டர் மதனிடம் கேட்டான்: "டி.வி.யில தெரியறத எனக்கும் காட்டுவீங்களாங்க?"

"நீங்க நல்லாத் தூங்கிருவீங்க. ஒண்ணும் தெரியாது" என்றார் மதன் அன்பாக.

அதுதானே அவனுடைய குறையே. அவன் குடலை அவனைத் தவிர எல்லோரும் பார்த்துவிடப் போகிறார்கள்.

கண் விழித்தபோது குமரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். முகம் கழுவிய குமரனைச் சென்றாயன் கடைசியாகப் பார்த்தது தம்மம்பட்டி மாமனின் கட்டில் பக்கத்தில்.

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. உள்ளார நெம்பச் சுத்தமா இருக்குதாமா. அப்பிடியொரு சுத்தமாம்." எதிர்ச்சாரி டிரைவருக்குக் கேட்கிற குரலை அவன் எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தான்.

"என்னை எதுக்கு உள்ள கூப்புட்டுச் சொல்லல?"

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க மாமா. பாத்துக்கலாமுங்க."

உண்மை என்னவென்றால், மதன் குடலில் ஒரு மரு மாதிரி வளர்ந்திருந்ததைப் பார்த்து, அங்கேயே வெட்டி எடுத்து, சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று குமரனிடம் சொல்லியிருந்தார். குமரன் அதை ராசாத்தியிடம் மட்டும் சொன்னான். ராசாத்தி பிரபாவிடம் மட்டும் சொன்னாள். பிரபா யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு எல்லோரிடமும் சொன்னாள்.

அந்த ஒரு வாரம் போலச் சென்றாயன் வாழ்நாளில் ராஜவாழ்க்கை வாழ்ந்ததில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னான். ராசாத்தி சண்டைக்கு வரவில்லை, உப்பை எடுத்து வந்தாள். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுப் பார்த்தான். சத்தமில்லாமல் எடுத்துக் காயப்போட்டாள். முட்டை லாரிக்காரன் இவனைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். டேங்குத் தண்ணீர் விவகாரத்தில் இவனோடு பேச்சை நிறுத்தியிருந்த சித்தப்பா, தானாக வந்து, "வயசு காலத்துல எல்லாம் வாரதுதான் சாமி" என்று தோளைத் தட்டினார். அப்படியும் சென்றாயன் கடைசி நம்பிக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை பிரபா வந்தாள். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு குலை இளநீர்.

"சும்மா, இந்தப் பக்கம் வந்தனண்ணா" என்றாள்.

சென்றாயன் இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி, முடிந்தது.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குள் போய்க் கோழிகளுக்கு நடுவே நின்றான். மகள் ரஞ்சனி கோயமுத்தூரில் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். அவளிடம் யார் என்ன பெயர் வைத்துச் சொல்வார்கள்? மோட்டார் சுவிட்சைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால்தான் ஓடும் என்று ராசாத்திக்குத் தெரியுமா? ஆள் உள்ளே வந்தால் கத்தித் தீர்க்கும் கோழிகள் அன்றைக்குச் சத்தம் போடவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவற்றுக்கும் பிரபா சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை குமரன் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓடி வந்தான்.

"மாமா! கேன்சர் இல்லீங்க மாமா! டாக்டரு இப்பத்தான் போன் பண்ணுனாரு! சுத்தமா இல்லியாம்!"

ராசாத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். சென்றாயன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போன வாரம் ஒண்ணுமேயில்லன்னுதான சொன்ன? ஒண்ணுமேயில்லாததுல இன்னைக்கு எது இல்லைன்னு தெரிஞ்சுது?"

"அது வந்துங்க மாமா… அப்ப சொன்னது பொய்யிங்க. இப்பச் சொல்றதுதான் நெசம்."

"அப்பச் சொல்லும்போது நெசம்னுதான சொன்ன?"

"ஏனுங்க, கேன்சர் இல்லீங்கறான் அவன். அதுக்கும் சண்டை கட்டறீங்களே" என்றாள் ராசாத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இல்லீன்னா எதுக்கு அழுவற?"

"சந்தோசத்துலங்க!"

"மாமனுக்குப் பக்கத்துலயும் அத்தை அப்பிடித்தான் சொல்லிட்டு அழுதுது."

"குலதெய்வத்து மேல சத்தியமாச் சொல்றனுங்க."

"மாமனுக்கும் அந்தச் சாமி மேலதான் சத்தியம் பண்ணுனாங்க. சாமிக்கும் பழகிப் போயிருக்கும்."

குமரன் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் கிடந்த பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வருஷக்கணக்காகப் பொய் சொன்னதில், இவர்கள் வாயில் 'இல்லை' என்ற சொல்லுக்குப் பொருளே போய்விட்டது. நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மூன்று பேரும் வாசலில் இருந்தார்கள்.

சென்றாயனே மதனுக்குப் போன் செய்தான். மதன் ஏதோ அவசரத்தில் இருந்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. நல்லாச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க. மத்ததெல்லாம் உங்க மச்சினன்கிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார். நல்லாச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க. தம்மம்பட்டி மாமனின் டாக்டரும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார். மாமன் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

அந்த வாரத்தில்தான் ஈறை ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் வந்தது. சாகப் போகிறவனுக்கு ஈறு எதற்கு என்று அவன் போகாமல் இருந்திருப்பான். ராசாத்திதான் இழுத்துப் போனாள். கிளினிக் வாசலில் நிற்கும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளில் அவன் கேட்ட கேள்விக்கு 'பாத்துக்கலாமுங்க' என்று சொல்லாத ஒரே ஆள் இந்தம்மாதான். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். அதுவரைக்கும் அது அவனுக்குக் குறையாகத்தான் பட்டிருந்தது.

நாற்காலியில் படுத்தான். விளக்கு முகத்தில் விழுந்தது. சோபியா ஊசியைக் கையில் எடுத்தாள்.

"மரத்துப் போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கறனுங்க" என்றான் சென்றாயன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "மதன் டாக்டரு உங்ககிட்டப் பேசியிருப்பாரு. எனக்குக் கேன்சர் இருக்குதுங்களா, இல்லீங்களா? ஊட்டுல இல்லீங்கறாங்க. இருந்தாலும் அவங்க இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதான் கேக்கறன்."

ஓரத்தில் இருந்த ராசாத்தி புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சோபியா ஊசியைத் தட்டில் வைத்தாள். விளக்கை அணைத்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். முகத்தை முழுதாக அவன் அப்போதுதான் பார்த்தான். அவன் நினைத்திருந்ததைவிட வயதானவளாக, களைத்தவளாக இருந்தாள்.

"போன மாசம், நீங்க படுத்திருக்கற இதே நாற்காலியில ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். சின்ன வயசு. கன்னத்துக்கு உள்பக்கம் ஆறாத புண்ணு, பொகையில அடக்கற எடத்துல. டெஸ்ட் பண்ணோம், வந்துருச்சு. அவரோட அண்ணன் வெளிய என்னைப் புடிச்சுக்கிட்டு, 'அவங்கிட்டச் சொல்லிராதீங்கம்மா, வாய்ப்புண்ணுன்னு சொல்லுங்க'ன்னு கும்பிட்டார். நான் உள்ள வந்து, இப்படி வெளக்க அணைச்சுட்டு, இப்படி உக்காந்து, கேன்சருன்னு சொன்னேன். வேற பேரு எதுவும் வெக்கல."

"அவரு… என்ன பண்ணுனாருங்க?"

"அழுதாரு. ரொம்ப நேரம். நானும்தான். அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டாரு. ஆபரேஷன் முடிஞ்சுருச்சு. இனி என்ன ஆகும்னு தெரியாது. முந்தாநாள் போன் பண்ணி, கஞ்சி எறங்குதுங்கன்னாரு."

சென்றாயன் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தான்.

"இருந்தா இருக்குன்னு சொல்ற ஆளு நான். இது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"அப்பக் கேட்டுக்கங்க. உங்களுக்குக் கேன்சர் இல்ல. மதன் எங்கிட்டத் தெளிவாச் சொன்னார். குடல்ல மரு மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ரத்தம் அதுலருந்துதான். அப்படியே விட்டிருந்தா சில வருசத்துல கேன்சரா மாறியிருக்கலாம், மாறாமயும் போயிருக்கலாம். எடுத்தாச்சு. மறுபடி முளைக்கலாம், அதனால மூணு வருசம் கழிச்சு அந்தக் கேமராவ இன்னொரு தடவ விட்டுப் பாக்கணும், அந்த எலுமிச்ச மருந்தையும் குடிக்கணும், தப்பிக்க முடியாது. ஈறையும் சரி பண்ணியே ஆகணும், இல்லாட்டி பல்லு போகும், அது உறுதி. அந்த மரு உங்க ஈறுலருந்துதான் வந்துச்சான்னு கேட்டீங்கன்னா, தெரியாது. எனக்குத் தெரியாது, மதனுக்குத் தெரியாது, உங்க போனுக்குச் சத்தியமாத் தெரியாது."

சென்றாயன் மறுபடியும் நாற்காலியில் சாய்ந்து, வாயை அகலத் திறந்து காட்டினான்.